தலையணைக்கும் ஆயுள் உண்டு

கேள்வி: தலையணை, போர்வைகளை எத்தனை நாளுக்கொரு முறை துவைப்பது? எப்போது மாற்றுவது?

பதில்: இரவு முழுதும் நம் சிரசைத் தாங்கி, எண்ணெய்ப் பிசுக்கையும் வியர்வையையும் பிரதிபலன் கருதாமல் ஏற்றுக்கொள்ளும் தலையணைக்கு, வாரந்தோறும் உறை மாற்றுவது நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச உபகாரம். உதிர்ந்த தோல் துகள்களையே ஆகாரமாகக் கொண்டு, தும்மலுக்கும் ஆஸ்துமாவுக்கும் காரணமாகும் தூசு உண்ணிகள், உறையையும் பருத்திப் போர்வையையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் நாசமாகும். இலவம்பஞ்சுத் தலையணையை மட்டும் நனைக்கலாகாது. நனைந்தால் பஞ்சு கட்டிதட்டிப் போகுமாதலால், மாதம் ஒரு முறை உச்சிவெயிலில் இருபுறமும் காயவைத்துத் தட்டியெடுப்பதே உசிதம். செயற்கைப் பஞ்சுத் தலையணையையோ வருஷத்துக்கு இரு முறையேனும் துவைக்கலாம். இரண்டாக மடித்து விட்டதும் தானே விரியாமல் சோம்பிக் கிடந்தால், அதன் ஆயுள் முடிந்ததென்று அறிந்து, தயங்காமல் மாற்றிவிடுங்கள்.