மேலே ஏற ஏறச் சூடாகும் மலை

சைக்கிள் தேர்ந்தெடுப்பது என்பது போடிநாயக்கனூரில் எங்கள் சிறுவயதில் பேச்சே தேவைப்படாத காரியம். வாடகைக் கடை வாசலில் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று உயர வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். கையில் இருக்கும் காசுக்கு எத்தனை நேரமோ அத்தனை நேரம், கால் எட்டுகிற வண்டி, அவ்வளவுதான். எட்டாவிட்டால் இருக்கவே இருக்கிறது குரங்குப் பெடல். உங்கள் ஊரிலும் இப்படித்தான் நடந்திருக்கும்: கடைக்காரர் நோட்டில் பேரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ள, நாம் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பிரேக்கை ஒருமுறை பிடித்துவிட்டு, பெரிய மனிதத் தோரணையில் தலையாட்டிக் கிளம்பி, தெருமுனை திரும்பியதும் காத்திருக்கும் கூட்டாளியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒரு வாடகையில் இரண்டு பேர் ஊரைச் சுற்றிவருவோம்.

இப்போது என் மகள், வீட்டுக்குள் வைத்து ஓட்டும் ஸ்மார்ட் பைக் வாங்குவதற்காக மாதக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். குளிர்நாடுகளில் பனி விழும் மாதங்களில் சாலையை விட்டு உள்ளே வந்துவிடும் சைக்கிள்காரர்களுக்கு உகந்த இயந்திரம் அது. நமக்கு உறைபனி இல்லாவிட்டாலும், ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் போடிமெட்டு மலைச்சாலையில் மேகம் இறங்கி, எதிரே வரும் ஜீப்பின் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். கனமழை பெய்தால் பாறை உருண்டு போக்குவரத்தே நின்றுபோகும். அவள் கேட்பது நியாயம்தான். உள்ளே நடக்கும் வேலையும் அழகானது. சுழலும் கனமான சக்கரத்தை மின்காந்தம் இழுத்துப் பிடிக்கிறது. திரையில் ஏற்றம் வந்தால் பிடி இறுகுகிறது, இறக்கம் வந்தால் தளர்கிறது. கால் எத்தனை வாட் தருகிறது என்று அந்தந்த நொடியே கணக்கும் சொல்லிவிடுகிறது.

அந்த இறுக்கத்தை நம் கால்கள் முன்பே அறியும். இருட்டியதும் டைனமோவைத் தட்டி டயரில் சாய்ப்போம். ர்ர்ரென்று ஒரு முனகல், உடனே பெடல் கனக்கும், முன்விளக்கு மினுங்கும். வேகமாக மிதித்தால் தெருவே தெரியும், நின்றால் இருட்டு. மின்சாரம் சும்மா வருவதில்லை என்பதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே முழங்கால் கற்றுக்கொண்டது. இன்றைய இயந்திரங்களிலும் சில, மிதிக்கிற விசையிலிருந்தே தமக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. மற்றவற்றுக்குச் சுவரில் பிளக் வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போகிற ஊர்க்காரர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

மலை ஏறுவதற்கு அன்று எந்த ஆராய்ச்சியும் கிடையாது. அடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள். கியர் இல்லாத வண்டியில் மிதித்த தூரத்தைவிடத் தள்ளிய தூரமே அதிகம். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்களிலிருந்து பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டுவார்கள். ஊரிலிருந்து போடிமெட்டு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு ஆறு டிகிரி போலக் குளிர்ச்சி கூடும் என்பதெல்லாம் அன்று தெரியாது. வளைவுக்கு வளைவு காற்று மாறுவதும், ஊரில் முதுகோடு ஒட்டியிருந்த சட்டை மேலே வந்ததும் சில்லிட்டுக் கிடப்பதும், கேரளப் பக்கம் ஏதோ ஓர் உலர்த்தும் ஸ்டோரில் ஏலக்காய் காயும் வாசனை திடீரென்று வந்து மோதுவதும்தான் எங்கள் உயரக் கணக்கு. இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்து ரப்பர் கருகும் வாசனை வரும். வண்டியை ஓரமாக நிறுத்தி, ரிம் ஆறும்வரை கீழே தெரியும் ஊரில் அவரவர் தெருவைத் தேடிக்கொண்டிருப்போம்.

மகளின் திரையிலும் மலை இருக்கிறது. 2014-இல் வந்த ஸ்விஃப்ட் (Zwift) என்ற சைக்கிள் செயலியில், ஃபிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் துவேஸ் மலைச்சாலையை அச்சாகக் கொண்ட ஏற்றம் உண்டு. அதே 21 வளைவுகள், அதுவும் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். ஒரே ஒரு வித்தியாசம், அந்த மலையில் மேலே ஏற ஏறச் சூடு கூடும். மிதியில் சேரும் சக்தியைப்போல் மூன்று நான்கு மடங்கு உடம்பில் சூடாக மாறுகிறது. சாலையில் அதை எடுத்துப்போகக் காற்று உண்டு, அறைக்குள் இல்லை. அதனால் இயந்திரம் வாங்குகிறவர்கள் பலரும் கூடவே பெரிய மின்விசிறி ஒன்றும் வாங்குகிறார்கள். குளிர்நாட்டுக்காரருக்கே அது தேவைப்படும்போது போடியில் கேட்கவே வேண்டாம்.

எதை வாங்குவது? ஏற்கெனவே இருக்கும் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் டிரெய்னர் போதுமென்றால் செலவு குறையும். வீட்டில் இரண்டு மூன்று பேர் ஓட்டுவதென்றால், ஆசனத்தையும் கைப்பிடியையும் ஆளுக்குத் தக்கபடி மாற்றக்கூடிய முழு இயந்திரம் நல்லது. ஆனால் அது லட்சங்களில் போகும். அவ்வளவு பணத்தைப் படம் பார்த்துக் கொடுக்கக்கூடாது என்பது நம் ஊர் ஏலக்காய் வியாபாரமே சொல்லும் புத்தி. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் இன்று கணினித் திரையில் நடக்கிறது. கூச்சல் போய்ப் பொத்தான் வந்துவிட்டது. ஆனாலும் மாதிரிக் காயைக் கையில் கொட்டி, நிறமும் பருமனும் பார்த்து, ஒன்றைப் பிளந்து முகர்ந்த பிறகுதான் வியாபாரி விலை போடுகிறார். இயந்திரத்தையும் அப்படியே பார்க்கவேண்டும்: மதுரையோ சென்னையோ, வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப்போய், ஏறி உட்கார்ந்து, வியர்க்கும்வரை மிதித்து, முதுகும் முழங்காலும் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிட்டு வாங்கவேண்டும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திய பழைய தேர்வு முறைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

வாங்கட்டும், எனக்கு முழுச் சம்மதம். மழை மாதங்களில் ஆல்ப் துவேஸின் அத்தனை வளைவும் ஏறட்டும். தை பிறந்து சாலை காய்ந்ததும் அதே கால்களோடு முந்தலுக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை. சேர்த்த பலத்தைச் செலவழிக்க இவ்வளவு பக்கத்தில் மலை வாய்த்த ஊர் எத்தனை இருக்கிறது?