ரிவிஷன் பூஜ்ஜியத்துக்கு ஒரு வணக்கம்

அனுப்புநர்: சர்வர் அறையின் ஒப்பந்த ஊழியன், பென்னலூர்.

பெறுநர்: உயர்திரு ஆவணக் கட்டுப்பாட்டுப் பிரிவு, நிர்வாகக் கட்டடம், மேற்படி ஆலை, மேற்படி ஊர்.

பொருள்: மாட்-ஜேகே இணைப்பு மாட்யூலைக் கட்டும் செய்முறை ஆவணம் – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் முந்தைய விண்ணப்பங்கள் (தங்கள் இழுப்பறையில் பத்திரமாக உள்ளவை).

ஐயா,

குறை சொல்ல வருகிறவனும் பாராட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது மரபு. நம் ஆலையில் ஒரு போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும் என்பதற்கு வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் உண்டு. அதற்கு எண் உண்டு, ரிவிஷன் உண்டு, 'கன்ட்ரோல்டு காப்பி' என்று சிவப்பு முத்திரை உண்டு. கழிவறையைக் கழுவியவர் கையெழுத்துப் போடும் தாளின் அடியில்கூட ஃபார்மட் எண் அச்சாகியிருக்கிறது. கார் கம்பெனி டிராயிங்கில் ஒரு மில்லிமீட்டரை மாற்றினால், ஐஏடிஎஃப் 16949 சொல்கிறபடி 10 வேலை நாளுக்குள் பரிசீலித்து முடித்துவிடுகிறீர்கள். இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் இவ்வளவு பக்தியோடு காகிதத்தைப் பேணும் பிரிவு வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்படிப்பட்ட தங்கள் கையில்தான் மாட்-ஜேகே ஆவணமும் இருக்கிறது. 2012-ல் ரிவிஷன் 00 ஆகப் பிறந்தது. இன்றும் ரிவிஷன் 00. மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு. இதற்கு என்றும் பூஜ்ஜியம்.

மாட்-ஜேகே என்றால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். பார்ட் நம்பர் இல்லாத பொருள் தங்கள் கண்ணில் படாமல் போவது இயல்புதான். நம் டிஸ்பாட்ச் திரை டாம்கேட் என்ற சர்வரில் ஓடுகிறது. அதற்கு முன்னால் அப்பாச்சி வெப் சர்வர் நிற்கிறது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை அப்பாச்சி வாங்கி, ஏஜேபி என்ற நெறிமுறையில், 8009-ஆம் போர்ட் வழியாக டாம்கேட்டிடம் கொடுக்கிறது. அப்படி வாங்கிக் கொடுக்கும் தரகுதான் மாட்-ஜேகே. நாங்கள் அதைச் சோர்ஸாக இறக்கி, நம் அப்பாச்சிக்குத் தக்கபடி நாங்களே கம்பைல் செய்கிறோம். அந்தக் குட்டிக் கோப்பு ஏறவில்லை என்றால் திரை வராது. திரை வராவிட்டால் இன்வாய்ஸ் இல்லை, இன்வாய்ஸ் இல்லாமல் இ-வே பில் இல்லை, இ-வே பில் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் 'ஜஸ்ட் இன் டைம்' என்று நம் சரக்குக்காகக் காத்திருப்பவர்களிடம் போய், அப்பாச்சிக்கும் டாம்கேட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்று சொல்ல முடியுமா?

பழைய சர்வர் ஓய்ந்து புதியது வந்தபோது, 'ஆவணப்படி செய்' என்று எனக்கு உத்தரவு வந்தது. ஆவணப்படியே செய்தேன். அந்த அனுபவத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை.

முதல் படி, சென்ட்ஓஎஸ் 6-ஐ நிறுவச் சொல்கிறது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 நவம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சரி, இருப்பதை வைத்துச் செய்வோம் என்று புதிய லினக்ஸிலேயே அடுத்த படிக்குப் போனேன். மாட்-ஜேகே 1.2.37-ஐ இன்ன முகவரியில் இறக்கு என்கிறது. போனால் 404. அப்பாச்சிக்காரர்கள் நடப்புப் பதிப்பை மட்டும் வாசலில் வைப்பார்கள். பழையதைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காப்பகத்தில் தேடினால் கிடைக்கும்தான். ஆனால் கிடைத்து என்ன பயன்? 1.2.44 வரையிலான பதிப்புகளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை 2018-ல் வெளியானது; 1.2.48 வரையிலானவற்றில் இன்னொன்று 2023-ல் வெளியானது. நம் ஆவணம் சொல்லும் பதிப்பில் இரண்டும் உண்டு. அதைச் சிவப்பு முத்திரையோடு பரிந்துரைக்கும் ஒரே ஆலை நம்முடையதாக இருக்கலாம்.

அடுத்த படியில்தான் விசேஷம். 'கன்ஃபிகர்' கட்டளைக்கு ஏபிஎக்ஸ்எஸ் என்ற கருவி இருக்கும் இடத்தைக் காட்டு, பிறகு 'மேக்', பிறகு 'மேக் இன்ஸ்டால்' என்று மூன்றே வரி. படிக்கவே அழகாக இருக்கிறது. ஏபிஎக்ஸ்எஸ் எங்கிருந்து வரும் என்று மட்டும் ஆவணம் சொல்லவில்லை. அது அப்பாச்சியோடு வராது; 'ஹெச்டிடிபிடி-டெவெல்' என்ற தனிப் பொட்டலத்தில் வரும். எழுதியவர் இயந்திரத்தில் அது ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஜிசிசி கம்பைலரும் இருந்திருக்கிறது. இருந்ததை யார் எழுதுவார்கள்? எழுதுகிறவர் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டது எந்த ஆவணத்திலும் இடம்பெறும். அவருக்கு ரொம்பவே நன்றாகத் தெரிந்தது எதுவோ, அதுதான் விடுபட்டுப் போகும்.

டெவெல் பொட்டலத்தைப் போட்ட பிறகும் கம்பைலர் முரண்டு பிடித்தது. 'ரெட்ஹாட்-ஹார்டண்ட்-சிசி1' என்றொரு கோப்பு இல்லை என்று ஒற்றை வரி. அது என்ன, ஏன் வேண்டும், எங்கே கிடைக்கும் என்று அந்த வரியில் ஒரு சொல்கூடக் கிடையாது. விஷயம் இதுதான்: இந்த லினக்ஸில் அப்பாச்சியைக் கட்டியவர்கள் பயன்படுத்திய கம்பைலர் அமைப்புகளை ஏபிஎக்ஸ்எஸ் அப்படியே நம் மேல் சுமத்துகிறது. அந்த அமைப்புகள் கேட்கும் கோப்பு 'ரெட்ஹாட்-ஆர்பிஎம்-கான்ஃபிக்' என்ற இன்னொரு பொட்டலத்தில் இருக்கிறது. அதைப் போட்டதும் ஓடிவிட்டது. ஆவணத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாமல் ஒரு இரவு ஷிஃப்ட் முழுக்க டிரைவர்கள் கேட்டுக்கு வெளியே லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டி முடித்தபின் பொருள் எங்கே என்று தேடினால், 'அப்பாச்சி-2.0' என்ற ஃபோல்டருக்குள் இருந்தது. நாம் ஓட்டுவது 2.4. தவறாகக் கட்டிவிட்டோமோ என்று புதிதாக வருகிற எவரும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். தவறே இல்லை, சோர்ஸில் அந்த ஃபோல்டரின் பெயர் அப்படி, 2.4-க்கும் அங்கேதான் விழும். இதுவும் ஒரு வரிதான்.

இணைப்பு எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஸ்டேட்டஸ் பக்கத்தை யார் பார்க்கலாம் என்பதற்கு ஆவணம் 'ஆர்டர் அலவ், டினை' என்று எழுதச் சொல்கிறது. அது 2.2 காலத்துப் பேச்சு. 2.4-ல் அதற்குப் பதில் 'ரிக்கொயர்' வந்துவிட்டது. பழைய பேச்சு புரிவதற்கென்றே ஒரு மாட்யூல் உண்டு. அது ஏற்றப்படவில்லை என்றால் அப்பாச்சி எழவே எழாது. 2.4 வெளிவந்தது எப்போது தெரியுமா ஐயா? 2012 பிப்ரவரி. ஆவணம் பிறந்த அதே ஆண்டு. பிறக்கும்போதே நரையோடு பிறந்த ஆவணம் என்று இதைச் சொல்லலாம்.

இதையெல்லாம் தாண்டி ஒன்பதாம் படிக்கு வந்தேன். அதை அப்படியே தருகிறேன்: "டாம்கேட்டில் 8009 தானாகவே திறந்திருக்கும். எதுவும் செய்ய வேண்டாம்." 2012-ல் இது உண்மை. 2020 பிப்ரவரியில் 'கோஸ்ட்கேட்' என்ற ஓட்டை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஏஜேபி வழியாக வருகிறவர் யாராக இருந்தாலும் டாம்கேட் வீட்டு மனிதராக நம்பிவிடும். அதனால் 8009-ஐ எட்ட முடிந்த எவரும் அப்ளிகேஷனுக்குள் இருக்கும் கான்ஃபிகரேஷன் கோப்புகளைப் படித்துவிட முடிந்தது. அதன் பிறகு 7.0.100, 8.5.51, 9.0.31 பதிப்புகளில் டாம்கேட் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. ஏஜேபி வாசல் இப்போது மூடியே வரும். நாமாகத் திறந்தாலும் சொந்த இயந்திரத்தின் குரலுக்கு மட்டுமே காது கொடுக்கும். 'சீக்ரெட்' என்ற ரகசியச் சொல்லை இரு பக்கமும் எழுதி வைக்காவிட்டால் வாசல் திறக்கவே மறுக்கும். ஆக, எதுவும் செய்யாமல் இருந்தேன். திரையில் 503 வந்தது. ஆவணத்துக்கு இவ்வளவு விசுவாசமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். குரு காதோடு சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர். அவர் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஊருக்குச் சொல்ல வேண்டிய செய்முறையை நாம் மறைத்துவிட்டு, மறைக்க வேண்டிய டாம்கேட் பாஸ்வேர்டை இணைப்பு 'ஆ'வில் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேஷன் செய்து, ரேக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

லேமினேஷன் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு முன்பு இந்த அறையில் ஒரு அண்ணன் இருந்தார். ஒவ்வொரு முறை கட்டும்போதும் எங்கே இடித்தது, என்ன போட்டுச் சரியானது என்று ஆவணத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஹெச்டிடிபிடி-டெவெல் அதில் இருந்தது. ஆடிட்டுக்கு முந்தைய நாள் தங்கள் பிரிவிலிருந்து வந்தவர், கன்ட்ரோல்டு காப்பியில் கைத்திருத்தம் கூடாது, என்.சி. என்று குறை எழுதிவிடுவார்கள் என்று அந்தத் தாளைப் பிடுங்கி, 'ஆப்சொலீட்' முத்திரை குத்திக் கிழித்துப்போட்டுவிட்டு, சுத்தமான பிரதி ஒன்றை இனி யாரும் எழுத முடியாதபடி லேமினேட் செய்து மாட்டிவிட்டுப் போனார். ஆடிட்டர் வந்தார். ஆவணம் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறதா என்றார். இருந்தது. கையெழுத்து இருக்கிறதா என்றார். மூன்று இருந்தன. மகிழ்ச்சியோடு டீ குடிக்கப் போனார். அண்ணன் பிறகு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பைத் தாங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். அதில் 7.5 என்ற பகுதி ஆவணம் எங்கே, எப்போது தேவையோ அங்கே, அப்போது கிடைக்க வேண்டும் என்கிறது. கூடவே, அது பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. முதல் பாதியைத்தான் நாம் லேமினேட் செய்திருக்கிறோம்.

திருத்தம் கேட்டு நான் விண்ணப்பிக்காமல் இல்லை. மாற்றக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பித் தந்தேன். 'பாதிக்கப்படும் பார்ட் நம்பர்' என்ற கட்டம் காலியாக இருப்பதாகத் திரும்பி வந்தது. கோடு போட்டு அனுப்பினேன். கோடு செல்லாது, எண் வேண்டும் என்று வந்தது. பிறகு, வாடிக்கையாளர் ஒப்புதல் தேவையா இல்லையா என்பதற்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும் என்று வந்தது. இதற்கிடையில் கம்பெனி லோகோ மாறியது. ஒரே வாரத்தில் எல்லா ஆவணத்திலும் புது லோகோ ஏறிவிட்டது, மாட்-ஜேகே ஆவணத்திலும்தான். லோகோ உள்ளடக்கம் அல்ல என்பதால் ரிவிஷன் 00 அப்படியே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. நியாயம்தான். நம் ஆவணத்தில் உள்ளடக்கம் என்று எதுவும் மாறிவிடக் கூடாது.

"இவ்வளவு தொல்லை எதற்கு? மாட்-ப்ராக்ஸி-ஏஜேபி அப்பாச்சியோடு சேர்ந்தே வருகிறதே, கட்டவே வேண்டாமே" என்று விஷயம் தெரிந்தவர் யாராவது தங்கள் காதில் ஓதலாம். உண்மை. 2005 டிசம்பரில் வந்த 2.2-லிருந்தே அது கூடவே வருகிறது. எங்கள் லோடு பேலன்சிங் அமைப்பு முழுவதும் மாட்-ஜேகேயில் எழுதப்பட்டிருப்பதால் மாறுவதற்கு வேலை கொஞ்சம் அதிகம், ஆனாலும் மாறலாம். ஆனால் அதற்கு இந்த ஆவணத்தை மாஸ்டர் லிஸ்டிலிருந்து நீக்க வேண்டும். நீக்கப் படிவத்திலும் பார்ட் நம்பர் கட்டம் இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

ஆகவே பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நம் கேன்டீனில் ஒரு நோட்டு தொங்குகிறது. சமைத்தவர், மேற்பார்வையிட்டவர் பெயர்களோடு 'சுவைத்துப் பார்த்தவர்' என்று ஒரு கட்டமும் அதில் உண்டு. சாம்பாரை யாராவது ஒருவர் வாயில் வைத்துப் பார்க்காமல் ஊழியர் தட்டுக்கு அது வராது. நம் ஆவணத்தின் அடியில் இருப்பவை மூன்று கட்டங்கள்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். நான்காவதாக 'செய்து பார்த்தவர்' என்று ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அதில் நானும் கையெழுத்திடக் கூடாது, தாங்களும் கூடாது. பென்னலூரிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவரிடம் வெற்று இயந்திரம் ஒன்றையும் ஆவணத்தையும் கொடுத்துவிட்டு நாம் வெளியே வந்துவிட வேண்டும். அவர் எந்த இடத்தில் நம்மைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறாரோ, அந்த வரி தவறு. திருத்திவிட்டு மறுபடி வேறொரு தம்பி. லினக்ஸோ அப்பாச்சியோ டாம்கேட்டோ பதிப்பு மாறும்போதெல்லாம் இதையே திரும்பச் செய்ய வேண்டும். டிராயிங்கில் ஒரு மில்லிமீட்டருக்குத் தரும் 10 நாளை இதற்கும் தந்தால் போதும்.

திருத்திய வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். டாம்கேட் பாஸ்வேர்டை அதிலிருந்து நீக்கிவிட்டேன். பார்ட் நம்பர் கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காக இதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சர்வர் அறை (கன்ட்ரோல்டு காப்பி அல்ல)