ஏரி தெரியும் வீடு, கூடுதல் கட்டணம்

பள்ளிக்கரணைப் பக்கம் அடுக்குமாடி விற்பவர்களின் ரசனையே ரசனை. விளம்பரத் தாளில் பூநாரை ஒற்றைக்காலில் நிற்கிறது. அது நின்ற இடத்தில் கார் நிறுத்தம் வருகிறது. ஏரி தெரியும் பால்கனிக்குச் சதுர அடிக்குக் கூடுதல் பணம். பாதியைத் தூர்த்து, மீதியைக் காட்டிக் காசு பார்க்கும் சாமர்த்தியம் வேறெந்த வியாபாரத்தில் உண்டு?

1960-களில் சுமார் 5,500 ஹெக்டேர் விரிந்து கிடந்த சதுப்பு இது. 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறியபோது எல்லைக்குள் வந்தது 1,247 ஹெக்டேர். மற்றதெல்லாம் எங்கே என்கிறீர்களா? குப்பைமேட்டுக்கு அடியில், ஐ.டி. கம்பெனிக்கு அடியில், நம் இ.எம்.ஐ.க்கு அடியில். தாழைக்கோழியிடம் பட்டா இல்லையே, யார் கேட்கப் போகிறார்கள்? மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பும்போது மட்டும் ‘அரசாங்கம் என்ன செய்கிறது’ என்று கூசாமல் கத்துவோம்.

கட்டியதற்கு ஈடாகத் தோட்டம் போடுகிறார்களாம். கருவேலத்தையும் பனையையும் பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டு, கொரியன் புல். பனையோலையில் எச்சிலால் கூடு ஒட்டி வாழ்ந்த பனை உழவாரன் இந்தப் புல்லில் எதை ஒட்டும்? புல்லுக்கு வாரம் தவறாமல் மருந்து, சாயங்காலம் கொசுப்புகை. சிட்டுக்குருவிக் குஞ்சு பிறந்த புதிதில் தின்பது புழு பூச்சிதான். அதைக் கொன்று தீர்த்துவிட்டுக் கிண்ணத்தில் கம்பு வைக்கிறோம், புண்ணியவான்கள்! சுவரில் ஒரு பொந்து விடாமல் பூசியாகிவிட்டது, புறாவுக்குப் பயந்து பால்கனிக்கெல்லாம் வலை. மார்ச் 20 வந்தால் சிட்டுக்குருவி தினம்: மரப்பெட்டி விநியோகம், குரூப் போட்டோ. ஒருவர் பெட்டியை வலைக்கு உள்பக்கம் மாட்டியிருக்கிறார். அடுத்த வாரம் ‘குருவி வரவே மாட்டேங்குதே’ என்று அவருக்குத்தான் வருத்தம்.

விற்காமல் கிடக்கும் மனையில், சரளைக்கு நடுவே ஆட்காட்டி நான்கு முட்டை இட்டிருக்கிறது. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள்; குனிந்து பார்த்தாலும் கல்லென்றே தோன்றும். நரி, நாயை ஏமாற்ற அது போதும். ரோடு ரோலருக்கு நிஜக் கல்லே பொருட்டில்லை. ஆள் நடமாட்டம் கண்டு பறவை இரவெல்லாம் கத்துகிறது. தூக்கம் கெடுகிறதென்று குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப்பில் ஒரே புகார்.

செயலாளர் உடனே பதில் போட்டார்: “நாளைக்கே ஆள் விட்டு அந்த மனையைச் சுத்தம் செய்துவிடுகிறோம். ஞாயிறு காலை 6 மணிக்குப் பறவை பார்க்கும் நடை. பைனாகுலர் உள்ளவர்கள் மறக்காமல் கொண்டுவரவும்.”