மூச்சு உள்ளே, பேச்சு வெளியே

நாகர்கோவில்காரரிடம் மூச்சை அடக்கச் சொன்னால் அரை நிமிஷமாவது அடக்கிக் காட்டுவார். பேச்சை அடக்கச் சொன்னால், எதற்காக அடக்க வேண்டும் என்று பேச ஆரம்பிப்பார். பார்வதிபுரம் பக்கம் ஒரு மாடியில் புதிதாகத் திறந்த யோகா ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்த விவரத்தை யாரும் சொல்லிவைக்கவில்லை. கண்ணாடிக் கதவில் இரண்டு அறிவிப்புகள் ஒட்டியிருந்தார்கள். முதல் வகுப்பு இலவசம் என்றது ஒன்று. உள்ளே மௌனம் காக்கவும் என்றது மற்றது. முதலாவதைப் படித்ததுமே எல்லாரும் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

இந்தக் கட்டுரைக்காரரும் அப்படி நுழைந்தவர்தான். அவரை இனி ‘அவர்’ என்றே சொல்லிவிடலாம். படர்க்கையில் எழுதுவதில் ஒரு சௌகரியம், தொந்தி வேறு யாருடையதோ ஆகிவிடும்.

ஏசி ஓடியது. எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் அந்த வேறு யாருடையதோ தொந்தி நன்றாகவே தெரிந்தது. சொல்லிக்கொடுத்தவர் பெங்களூரில் பயிற்சி முடித்துவிட்டு ஊர் திரும்பிய இளம்பெண். நம் ‘அவருக்கு’ இடப்பக்கத்து யோகா மேட்டில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். வலப்பக்கம் வடசேரி அக்கா ஒருவர். முன்னால், கோட்டாறு கம்போளத்தில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி.

“கண்ணை மூடிக்கோங்க. மூச்சை மட்டும் கவனிங்க” என்றார் டீச்சர்.

ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்திருக்கும். “ஓய், இந்தப் பாய் எங்க செய்ததுன்னு பாரும்” என்று இடப்பக்கம் கிசுகிசுத்தது. அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து மேட்டின் மூலையைப் புரட்டினார். சீனா.

வரலாற்றுச் சாருக்கு அது போதுமானதாக இருந்தது. “உலகம் முழுக்க யோகாவைக் கொண்டுபோன சிவானந்தர் எந்த ஊருவே? நம்ம பத்தமடை. 1887ல பிறந்த குப்புசாமி. மலாயாவுல டாக்டரா இருந்துட்டு ரிஷிகேசம் போனாரு, 1936ல தெய்வீக வாழ்க்கைச் சங்கம் ஆரம்பிச்சாரு. கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர்ல பிறந்த ஆளு சொல்லிக்கொடுத்த ஆசனத்த நாம சீனா ரப்பர்ல செய்யோம்.”

“கோரைப்பாயை டைல்ஸ் தரையில போட்டு இந்த ஆட்டம் ஆடினா வழுக்கிராதா சார்?” என்றார் வடசேரி அக்கா. நியாயமான கேள்வி. பத்தமடைப் பட்டுப்பாயின் நேர்த்தி படுத்துறங்குபவருக்கானது. வியர்த்த உள்ளங்கையோடு குப்புறக் கவிழ்ந்து இடுப்பைத் தூக்குபவரை மனதில் வைத்து யாரும் அதை நெய்யவில்லை. டீச்சர் பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

அடுத்தது விருட்சாசனம். ஒற்றைக் காலில் நின்று, மறுபாதத்தைத் தொடையில் பதித்து, இரு கையையும் தலைக்கு மேல் குவிக்க வேண்டும். ஆசனம் என்றால் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது பதஞ்சலி வகுத்த இலக்கணம். நம் ‘அவருக்கு’ இரண்டும் ஒரே நேரத்தில் வாய்க்கவில்லை. சுகமாக இருந்தால் கால் தரையில் இருந்தது. டீச்சர் உற்சாகமூட்ட நினைத்து, விவேகானந்தர் தவமிருந்த மண் இது, நம்மால் முடியாதா என்றார். வேறு ஊரில் சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

“அவருக்கு ஆசனமெல்லாம் அவ்வளவு பிடிக்காது, கேட்டியா மக்ளே” என்றார் சார், ஒற்றைக் காலில் நின்றபடியே. 1892 டிசம்பரில் குமரிப் பாறையில் உட்கார்ந்தவர், 1896இல் வெளிவந்த ராஜயோகம் நூலில் ஹடயோகத்தை ஓரங்கட்டிவிட்டார். பயிற்சிகள் கடினம், ஒரு நாளில் கைவராது, ஆன்மிக வளர்ச்சிக்கும் அதனால் பெரிய லாபமில்லை என்பது அவர் கருத்து. இதைக் கேட்டதும் வரிசையே ஆடியது. கடினம் என்று விவேகானந்தரே சொல்லிவிட்ட பிறகு காலைக் கீழே வைப்பதில் என்ன வெட்கம் என்று அண்ணாச்சி வைத்துவிட்டார். அந்தப் பாறைக்கு எதிர்க்கரையில், ஏகநாத் ரானடே 1972இல் தொடங்கிய விவேகானந்த கேந்திரம் ஆசனங்களைச் சேர்த்தே யோகம் கற்பித்துவருகிறது என்று நம் ‘அவர்’ எடுத்துச் சொல்லிப் பார்த்தார். வைத்த கால் மறுபடி எழவில்லை.

குனிந்து பாதத்தைத் தொடும் ஆசனத்தில் அக்காவின் கை முழங்காலோடு நின்றது. “இதுக்கு மேல வராது மக்ளே, நான் பெத்து வளர்த்தவ.” டீச்சர் நுரையில் செய்த ஒரு செங்கலைக் கொண்டுவந்து கைக்குக் கீழே வைத்தார். செங்கல், கயிறு, நாற்காலி என்று துணைக்கருவிகளை யோகாவுக்குள் பரவலாக்கியவர் புனேயில் இருந்த பி.கே.எஸ். ஐயங்கார். அக்கா செங்கலை அழுத்திப் பார்த்தார். “இது ரஸ்க் மாதிரில்லா இருக்கு?”

இந்த வட்டாரத்து யோக வரலாற்றில் நம் ‘அவருக்கு’ மிகவும் பிடித்த ஆளைப் பற்றியும் அன்றைக்குப் பேச்சு வந்தது. தைக்காட்டு அய்யாவு சுவாமிகள். குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், திருவனந்தபுரம் ரெசிடென்சி அலுவலகத்தில் சூப்பிரண்டு. காவி கட்டாமல், குடும்பத்தோடு இருந்துகொண்டு, சட்டம்பி சுவாமிகளுக்கும் நாராயண குருவுக்கும் யோகம் சொல்லிக்கொடுத்த தமிழர், 1909இல் மறைந்தார். நாராயண குரு பிறகு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை, கன்னியாகுமரி போகும் வழியில் மருந்துவாழ் மலையில் இருக்கிறது. அலுவலக வேலையும் யோகமும் ஒரே ஆளிடம் கூடிய காலம் அது. இப்போதும் சில அலுவலகங்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சவாசனம் நடக்கத்தான் செய்கிறது.

கடைசியாக அந்தச் சவாசனம். விளக்கை அணைத்தார்கள். பிணம்போலக் கிடக்க வேண்டும், விரல்கூட அசையக் கூடாது. நாக்கைப் பற்றி டீச்சர் எதுவும் சொல்லவில்லை.

“நெய்யாறு டேம் ஆசிரமம் ஆரம்பிச்ச விஷ்ணுதேவானந்தா இருக்காரே” என்று இருட்டில் சாரின் குரல் எழுந்தது. “சிவானந்தருக்க சிஷ்யன். சின்ன விமானம் ஓட்டுவாரு. 1971ல சண்டை நடக்க நாடுகளுக்குப் பறந்து சமாதானம் சொன்னாரு. பெல்பாஸ்டுக்குப் போகும்போது கூட யாரு? சினிமா நடிகர் பீட்டர் செல்லர்ஸ்! 1983ல பெர்லின் சுவருக்கு மேலயே பறந்து அந்தப் பக்கம் இறங்கிட்டாரு.”

“பாஸ்போர்ட்டு?” இது அண்ணாச்சி, படுத்த வாக்கில்.

“பூமி முழுசுக்கும் சேர்த்து ஒரு பாஸ்போர்ட்டு அவரே அடிச்சு வச்சிருந்தாருவே.”

“அதுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டா?”

தொந்திகள் குலுங்கின. பிணங்கள் சிரித்து அவர் பார்த்ததில்லை. டீச்சர் கண்டிக்கப் போகிறார் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைய வகுப்பில் முழுமையாக அமைந்த கும்பகம் அது ஒன்றுதான். ஒரு நிமிஷம் கழித்து இருட்டிலிருந்து, “இறங்கின பிறகு என்ன ஆச்சு சார்?” என்றார் டீச்சர்.

கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் பிடித்து விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு நேரமும் முடிந்தது.

வெளியே மாடிப்படியில் செருப்பு மாட்டும்போது, மாதக் கட்டணம் எழுதிய தாளை அண்ணாச்சி விளக்கடியில் பிடித்துப் படித்தார். யோகா நிலையங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறதே, அந்தப் 13 எங்கே என்று கேட்டார். டீச்சர் விழித்தார். வரி குறைந்தாலும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது, ஏசிக்கும் கண்ணாடிக்கும் கட்டிய வரியைக் கழிக்க முடியாது, அதனால் கட்டணத்தை அப்படியே இறக்க முடியாது என்று அவர் டீச்சருக்காகப் பரிந்து பேசினார். அக்கா அண்ணாச்சி பக்கம். சார், திருவிதாங்கூர் காலத்து வரிகளிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த பேட்ச் ஆட்கள் ஏற வழியில்லாமல் கீழ்ப்படியில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஆடிட்டர்.