பெரிய கோயில் தூர நிர்ணயம்

திருவண்ணாமலை ரமணாசிரமத்து வாயிலிலிருந்து அவ்வூர்ப் பெரிய கோயில் எவ்வளவு தூரம் என்ற வினாவுக்கு, செங்கம் சாலையில் யாரைக் கேட்டாலும் சுமார் 2 கிலோமீட்டர் என்பார்கள். இதுவே பூர்வபட்சம். இதை நிராகரிப்பதே இப்பிரபந்தத்தின் பிரயோஜனம்.

பீகிங்கிலிருந்து ஷாங்காய்க்கு ஏறக்குறைய 1,070 கிலோமீட்டர், ஆகாய விமானத்தில் இரண்டேகால் மணி என்று கேட்ட மாத்திரத்தில் ஒப்பிக்கிற இக்காலத்தார், தூரம் வேறு, நேரம் வேறு என்று நம்புகிறார்கள். நம் முன்னோர் அப்படி நம்பவில்லை. ஒரு நாழிகையாகிய 24 நிமிஷத்தில் ஒருவன் நடந்து கடப்பது எதுவோ அதை 'நாழிகை வழி' என்று சொல்லித் திருப்தியடைந்தார்கள். காலில் முள் தைத்தவனுக்கு வழி நீளுமா என்ற ஆட்சேபத்தை அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சீனரும் இவ்விஷயத்தில் நம்மவரே. மலையேறும்போது அதிக 'லீ'யும், அதே பாதையில் இறங்கும்போது குறைந்த 'லீ'யும் அவர்கள் கணக்கிட்டதைப் பழைய யாத்திரிகர்கள் வியந்து எழுதினார்கள். திருவண்ணாமலையின் அருணாசல மலையைச் சுற்றியிருந்தால் அந்த வியப்பு அவர்களுக்கு நேர்ந்திராது.

ஏனெனில், மலையை வலப்புறமாக வைத்தே நடக்கவேண்டும் என்னும் பிரதட்சிண விதி இங்கே சகல சாஸ்திரங்களுக்கும் மேற்பட்டது. கிரிவலப் பாதையின் மொத்த நீளமோ 14 கிலோமீட்டர். ஆகவே கோயிலிலிருந்து அக்னிலிங்கம் வழியாக ஆசிரமத்துக்கு வருகிறவனுக்கு 2 கிலோமீட்டராக இருக்கிற அதே இடைவெளி, ஆசிரமத்திலிருந்து விதி தவறாமல் கோயிலுக்குப் போகிறவனுக்கு எமலிங்கம், நிருதிலிங்கம், அடி அண்ணாமலை, குபேரலிங்கம், ஈசானியலிங்கம் எல்லாவற்றையும் தரிசித்துக்கொண்டு 12 கிலோமீட்டராகிவிடுகிறது. யூக்ளிடுக்கு இது சம்மதமாகாது. அவர் பௌர்ணமிக்கு வந்தவரல்லர்.

வரைபடத்தை நம்புகிறவர்களுக்கு ஒரு சரித்திர திருஷ்டாந்தம். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையை விட்டுப் புறப்பட்ட வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷியானவர், ஒரு பழைய அட்லாஸைப் பார்த்து, திருவண்ணாமலைக்குத் திண்டிவனமே சமீபத்து ரயில் நிலையம் என்று தீர்மானித்து, தமையனாரின் கல்லூரிச் சம்பளம் 5 ரூபாயில் 3 ரூபாய் எடுத்து, 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்ற சமாசாரம் அட்லாஸுக்கு எட்டவில்லை. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவருக்கு எட்டியிருந்தது. விழுப்புரத்தில் இறங்கியவர், கையில் மிஞ்சிய சில்லறையில் மாம்பழப்பட்டு வரை ரயிலிலும், அங்கிருந்து அரையணிநல்லூருக்குப் பத்து மைல் நடந்தும், காதுக் கடுக்கனைக் கீழூரில் 4 ரூபாய்க்கு அடகு வைத்தும், செப்டம்பர் 1 காலையில்தான் வந்து சேர்ந்தார். மதுரை-திருவண்ணாமலை தூரமோ பீகிங்-ஷாங்காய் தூரத்தில் கால் பங்கு.

பிரத்தியட்சப் பிரமாணமும் வேண்டுமே என்று, சென்ற பௌர்ணமிக்கு முந்தின மாலை ஆசிரமத்தெதிரே நின்ற ஆட்டோக்காரர் ஒருவரை அணுகி, பெரிய கோயிலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று வினவினேன். அவர் என்னை ஒரு முறையும் மலையை ஒரு முறையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எந்தப் பக்கமா போவணும் சாமி?"