நாலு இன்டு நூத்தெட்டு

ஃபோர்டு ஐகான் காரை மறைமலை நகரில் செய்தார்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். எங்கோ குர்கானில் செய்த மாருதிக்கு அந்த ரோட்டில் கடைக்குக் கடை அலாய் வீல் தொங்கியது. இருங்காட்டுக்கோட்டை சான்ட்ரோவுக்கும் தொங்கியது. என் ஐகானுக்கு மட்டும் எல்லாக் கடைக்காரர்களும் சொல்லி வைத்தாற்போல ஒரே பதில் வைத்திருந்தார்கள்: "வரும் சார். அடுத்த லோடுல வரும்."

1999 கடைசியில் வந்த கார் அது. விளம்பரத்தில் 'ஜோஷ் மெஷின்' என்றார்கள், 1.6 எஞ்சின் அந்தப் பேரைக் காப்பாற்றவும் செய்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் காரை நிறுத்தி வைத்துப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கண்ணில் படுவது கறுப்பு இரும்பு ரிம்மும் அதை மூடிய பிளாஸ்டிக் கப்பும்தான். அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி காரானாலும் வீல் கப்பைக் கேபிள் டை போட்டுக் கட்டி வைப்பது ஊர் வழக்கம். இல்லையென்றால் வேகத்தடைக்கு ஒன்றாக உருண்டு போய்விடும்.

என் மனைவியின் தம்பி சான்ட்ரோ வாங்கினான். வாங்கிய கையோடு ஐந்து கை வைத்த பளபளப்பான அலாய் மாட்டி, என் காரை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான். "என்ன மாமா, இன்னும் இரும்புலயே ஓட்டுறீங்க?" அவன் எஞ்சின் 999 சிசி. ஆனால் குடும்பத்தில் யாரும் பானெட்டைத் திறந்து சிசியைப் பார்த்து மரியாதை கொடுப்பதில்லை. சக்கரம் திறக்காமலே தெரியும். தேடல் அன்றைக்குத்தான் தொடங்கியது.

கடைக்காரர்கள் அன்று வாய்க்கு வாய் சொன்னது பிசிடி. சக்கரத்தை ஹப்போடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகளின் மையங்கள் வழியே ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்தின் விட்டம். நாலு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து ஓட்டைக்கு எதிரில் ஓட்டையே கிடையாது. அடுத்தடுத்த இரண்டை அளந்து 1.7 ஆல் பெருக்க வேண்டும். சான்ட்ரோவுக்கு நாலு இன்டு நூறு. மாருதி 800-க்கு நாலு இன்டு 114.3; ஏதோ ஆய்வுக்கூடத்தில் பிறந்த எண் போலத் தோன்றினாலும், வெறும் நாலரை அங்குலம்தான். நம் ஐகானுக்கு நாலு இன்டு நூற்றெட்டு. அதுவும் அங்குலப் பிள்ளைதான்: நாலே கால் அங்குலம், 107.95 மில்லிமீட்டர், கடைசியில் கொஞ்சம் தேய்த்துவிட்டு 108. வெளிநாட்டிலிருந்து கழற்றி வந்து இங்கே விற்ற சக்கரங்களில் பெரும்பாலானவை ஜப்பான் கார்களுடையவை. அவை நூறாக இருக்கும், இல்லையென்றால் 114.3 ஆக இருக்கும். நடுவில் நான்.

108 திவ்ய தேசங்களில் 106-ஐத்தான் இந்த உடம்போடு போய்ச் சேவிக்க முடியும். திருப்பாற்கடலும் பரமபதமும் அப்புறம். என் சக்கரம் அந்த இரண்டில் ஒன்றில்தான் இருந்திருக்க வேண்டும்.

"இல்லை" என்று சொன்னால் கௌரவக் குறைச்சல் என்பதால் ஒவ்வொரு கடையும் ஒரு வழி சொன்னது. முதல் வழி, அட்ஜஸ்ட்மென்ட். "எட்டு எம்.எம்.தானே சார், நட்டை டைட் பண்ணா தானா உக்காந்துரும்." விட்டத்தில் எட்டு என்றால் ஒவ்வொரு போல்ட்டும் தன் ஓட்டையிலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். நட்டின் கூம்பு முனை ஓட்டையின் கூம்புப் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்தால்தான் பிடிப்பு. உட்காராத நட்டை இறுக்கினால் ஸ்டட் வளையும். வளைந்தது ஒருநாள் உடையும். ஃபியட் பேலியோ வைத்திருந்தவர்கள் இந்த விஷயத்தில் பாக்கியவான்கள். அவர்களுக்கு நாலு இன்டு 98. நூறு சக்கரத்துக்கும் அதற்கும் போல்ட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கூம்பு மட்டும் தனியாக நகர்கிற ஒருவகை போல்ட் போட்டு அதைச் சமாளிப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைச் சமாளிக்கிற போல்ட் நாலைச் சமாளிக்காது.

இரண்டாவது வழி, அடாப்டர். ஹப்பில் நூற்றெட்டாகப் பிடித்து, மறுபக்கம் நூறாகக் கொடுக்கும் தடித்த அலுமினியத் தட்டு. மாட்டினால் சக்கரம் விரல்கடை அளவு வெளியே வந்து நிற்கும், பின்சீட்டில் ஆள் ஏறினால் டயர் ஃபெண்டரில் உரசும், பேரிங்குக்கும் கூடுதல் பாரம். இதைப் பரிந்துரைத்தவரே, "சிட்டிக்குள்ள மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆகாது சார்" என்று முடித்தார். அலாய் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டுவதற்கு நான் சான்ட்ரோவே வாங்கியிருப்பேன்.

மூன்றாவது வழிதான் கலை நயம் மிக்கது: லேத். நூறு சக்கரத்தை வாங்கி, நாலு ஓட்டையையும் ஆர்கான் வெல்டிங்கில் அடைத்துவிட்டுப் புதிதாக நாலு போடுவது. புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் இதைச் செய்து தருகிறவரைப் போய்ப் பார்த்தேன். கையில் அளவுகோல் கிடையாது. வாயில் பீடி, காதில் பென்சில். என் ஹப்பைக் கண்ணாலேயே அளந்து "நூத்தியேழே முக்கால்" என்றார். மூன்று வருஷமாக ஜி.பி. ரோட்டில் நம்பர் சொன்ன எவரும் அவ்வளவு கிட்டத்தில் வரவில்லை. அந்தத் திறமைக்காகவே சக்கரத்தைக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் வார்ப்பு அலாய்க்கு உறுதி வருவதே ஆலையில் அதைச் சூடாக்கிப் பக்குவப்படுத்துவதால்தான். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் போய்விடும். போல்ட் பிடிக்கிற இடமே வலுவிழந்த இடம் என்றால்? இதை அவரிடமே கேட்டேன். பீடியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒடைஞ்சா எடுத்துக்கிட்டு வாங்க, ஃப்ரீயா பண்ணித் தரேன்."

அதே தெருவில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் பெரியவர் ஒருவர், நான் சொன்ன எண்ணைக் கேட்டதும் கண் மலர்ந்தார். "நாலு நூத்தெட்டா? இருக்கே!" உள்ளே போய் அரைமணி நேரம் உருட்டி நாலு சக்கரங்களை வெளியே எடுத்தார். பியூஜோ 309. கல்யாணில் செய்து, தொண்ணூறுகளின் கடைசியிலேயே தயாரிப்பு நின்றுபோன கார். ஓட்டைக் கணக்கு அச்சாகப் பொருந்தியது. நடுத்துளை என் ஹப்பைவிடக் கொஞ்சம் பெரிது, 63.4-க்கு 65.1; ஒரு வளையம் போட்டால் சரியாகிவிடும். எல்லாம் சரி. ஆனால் அவையும் இரும்பு. "இரும்பைக் கழட்டிட்டு இரும்பையா மாட்டறது?" என்றேன். "நீங்க நூத்தெட்டுன்னுதானே கேட்டீங்க தம்பி" என்றார். நியாயம்தான்.

2010-ல் ஃபீகோ வந்தது. அதே மறைமலை நகர், அதே நாலு இன்டு நூற்றெட்டு, அதே 63.4. நன்றாக விற்ற கார். ஓரிரு வருஷங்களில் 14 அங்குல ஃபீகோ அலாய்கள் ஜி.பி. ரோட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒரு செட் வாங்கி மாட்டினேன். 13 அங்குலத்திலிருந்து 14-க்குப் போகும்போது டயரின் பக்கச் சுவரைக் குறைத்து மொத்த விட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். 175/70 ஆர்13-க்குப் பதில் 185/60 ஆர்14 போட்டால் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. எல்லாம் முறைப்படி நடந்தது. மச்சினன் வீட்டுக்குப் போய் வாசலில் நிறுத்தினேன். அவன் சான்ட்ரோவை விற்று டீசல் கார் ஒன்று வாங்கியிருந்தான். கம்பெனியிலேயே அலாய் போட்டுத் தந்திருந்தார்கள். எல்லாருக்கும் போட்டுத் தருகிறார்கள் என்பதால் யாரும் யாருடைய சக்கரத்தையும் பார்ப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. "வாங்க மாமா, காபி சாப்பிடுங்க" என்றான். என் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது அவன் மகனுக்கு இருபது வயது. அவனும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். நம் உறவுமுறையில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் நான் ஒரே ஆள். பையனுக்குக் கார் கிடையாது, மெட்ரோவில் போகிறான். ஆனால் பிசிடி, ஆஃப்செட், நடுத்துளை எல்லாம் விரல் நுனியில். டாட்டா நானோவுக்கு மூன்றே நட்டு என்பான். ஒரகடத்தில் செய்த க்விட்டுக்கும் மூன்றுதான் என்பான். சென்னையைச் சுற்றிச் செய்கிற கார்களுக்கும் ஓட்டைக் கணக்குக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை என்று நான் சொன்னால், பி.எம்.டபிள்யூ.வை இழுப்பான். அதுவும் மறைமலை நகர்ப் பக்கம்தான் உருவாகிறது. பழைய மாடல்களுக்கு ஐந்து இன்டு 120. புதிய தலைமுறையில் 112. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பழைய சக்கரம் புதுக் காரில் ஏறாது. கேட்கக் கேட்க என் நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

அவன் அப்பா இப்போது மின்சாரக் கார் வைத்திருக்கிறான். போன பொங்கலுக்கு அதைப் பார்த்தேன். சக்கரத்தில் பிளாஸ்டிக் மூடி.

"என்னடா, பிளாஸ்டிக் கப்பு?"

"அடியில அலாய்தான் மாமா. மேல இது காத்துத் தடையைக் குறைக்க. ரேஞ்ச் கூடும்."

இரும்பை மறைக்க ஒரு காலத்தில் பிளாஸ்டிக் போட்டார்கள். இப்போது அலாயை மறைக்கப் போடுகிறார்கள். 2017-ல் வந்த டெஸ்லா மாடல் 3-லேயே இப்படி ஒன்று உண்டு என்று பையன் எனக்கு வகுப்பெடுத்தான். கேபிள் டை தேவைப்படாது என்றும் உறுதி கொடுத்தான்.

நூற்றெட்டு இன்று ஊருக்கே தெரிந்த எண், ஆம்புலன்ஸ் புண்ணியத்தில். சக்கரமும் தாராளம். 2022-ல் மறைமலை நகரில் ஃபோர்டின் கடைசிக் கார் வெளியே வந்துவிட்டது. கையிருப்பு வைத்த கடைக்காரர்கள் தாங்களே கூப்பிடுகிறார்கள். "நூத்தெட்டு புது டிசைன் வந்திருக்கு சார், பாதி விலைக்குத் தரேன். ரிம் இருக்கு, வண்டிதான் வர மாட்டேங்குது." 2024-ல் அந்தக் கம்பெனி ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்ப ஓட்ட விருப்பம் தெரிவித்து அரசுக்குக் கடிதம் கொடுத்தபோது, எனக்கு அந்தக் கடைக்காரர் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது. ஏற்றுமதி வண்டி ஜி.பி. ரோட்டுக்கு வராது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அன்று ஃபோனில் குரல் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது.

போன மாதம் ஒரு பையன் வந்தான். பழைய ஐகான் ஒன்றை வாங்கி, ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிக்கொண்டிருக்கிறானாம். முந்தைய சொந்தக்காரர் அலாய் போட்டிருக்கிறார். அதைக் கழற்றி எறிந்துவிட்டான். "ஒரிஜினல் ஸ்டீல் ரிம் இருக்கா அங்கிள்? எங்க தேடியும் கிடைக்கல. என்ன விலைன்னாலும் பரவாயில்ல." பரணிலிருந்து நாலையும் இறக்கிக் கொடுத்தேன். துருவைத் தடவிப் பார்த்துவிட்டு, கர்ப்பக்கிரகத்தில் நிற்பவன் போல நின்றான். நான் சொன்ன விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. அந்தக் காசுக்கு ஜி.பி. ரோட்டில் புது அலாய் ஒரு செட் வாங்கலாம்.

போகும்போதுதான் கேட்டான்: "அஞ்சாவது, அங்கிள்?"

ஐந்தாவது என் டிக்கியில் ஸ்டெப்னியாக இருக்கிறது, அதற்கென்று எடுத்து வைத்த பழைய நட்டுகளோடு. அதைத் தர முடியாது, வழியில் பஞ்சர் ஆனால் நான் என்ன செய்வது என்றேன். அதற்குப் பதில் ஒரு அலாய் வாங்கித் தருவதாகச் சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன் பண்ணி விலையை ஏற்றிக்கொண்டிருக்கிறான்.