தோளும் தோலும்

எஸ்.டி.எஸ். ஹேமர் டிரில்லைத் தோள் கொடுத்து அழுத்துகிறேன். கான்கிரீட் அசைய மாட்டேன் என்கிறதே? (வாசகர், ஆம்பூர்)

தோலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு தோளை ஏன் பாழாக்குகிறீர்கள்? உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்க, அந்தக் காற்றுதான் சுத்தியலை ஓட்டுகிறது. ஓரளவுக்கு மேல் அழுத்தினால் அடி குறையத்தான் செய்யும். டிரில் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா, வேலை மாற்றும் திருகு சுத்தியல் படத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியை மட்டும் ஒருநாளும் கழற்றாதீர்கள். பிட் கம்பியில் சிக்கினால் அடுத்து சுற்றப்போவது உங்கள் மணிக்கட்டு!

மாட்டிய பிட் முன்னும் பின்னும் ஆடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், வாணியம்பாடி)

இல்லை. ஆட இடமில்லாவிட்டால் அடி எப்படிக் கல்லுக்குப் போய்ச் சேரும்? பிட்டை இப்படி மாட்டும் முறையின் பெயரான எஸ்.டி.எஸ். என்பதற்கு ஜெர்மன் மொழியில் ‘செருகு, திருப்பு, உட்கார்ந்தாச்சு’ என்று பொருள். மாட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால்தான் தப்பு. காம்பில் துளி கிரீஸும் தடவுங்கள்.

எங்கள் டேனரியில் தரை எப்போதும் ஈரம். டிரில் போட ரப்பர் செருப்பு போதாதா? (வாசகர், ராணிப்பேட்டை)

செருப்பு உங்கள் காலுக்கு. தண்ணீரில் கிடக்கும் ஒயருக்கு? அதை மேலே தூக்கிக் கட்டுங்கள். தோல் உரிந்த ஒயர் என்றால் வேலையைத் தொடவே வேண்டாம். மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும் லைனில் மட்டும் மாட்டுங்கள்.

கடைசியாக மூவருக்கும் ஒன்று: கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணமாக்க மருந்தே இல்லை. மூக்கில் கட்டும் கைக்குட்டை அந்தத் தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் போடுங்கள், பக்கத்தில் ஏணி பிடிக்கும் பையனுக்கும் ஒன்று கொடுங்கள்.